லைசென்ஸ் சர்வரை எந்த மெஷினில் போடுவது?

நீங்கள் கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில் டிசைன் ஆபீஸ், 11 பேர். வாளையாறு தாண்டி கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு கிளை, அங்கே 4 பேர். 15 பேருக்கும் சேர்த்து 6 ஃப்ளோட்டிங் லைசென்ஸ், அதாவது யார் வேண்டுமானாலும் மாறி மாறி எடுத்துக்கொள்ளும் பொது லைசென்ஸ், வாங்கியிருக்கிறீர்கள். விற்றவர், "எல்எம்டூல்ஸ் இன்ஸ்டால் பண்ணி ஹோஸ்ட் ஐடி அனுப்புங்க, லைசென்ஸ் ஃபைல் தர்றோம்" என்று மெயில் போட்டிருக்கிறார். ஆபீஸில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் போடலாமா, எப்படிப் போடுவது என்பது உங்கள் கேள்வி. இன்ஸ்டால் செய்வது அரைமணி வேலை. உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: இந்த 6 லைசென்ஸையும் எந்த மெஷினோடு கட்டிப்போடுவது? அதை முதலில் பேசிவிடுவோம். ஹோஸ்ட் ஐடியை, அதாவது அந்த மெஷினின் அடையாள எண்ணை, அனுப்பிவிட்டால் அப்புறம் மாற்றுவது உங்கள் கையில் இல்லை.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலுமாக 17 வருஷம் சிஸ்டம் அட்மின் வேலை பார்த்தாயிற்று. பெரிய கம்பெனி அனுபவம் கிடையாது. 5 பேர் இருக்கும் டிசைன் ஆபீஸ், 60 பேர் இருக்கும் டூல் ரூம், ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப், இந்த அளவுதான். எந்த மென்பொருள் என்று நீங்கள் எழுதவில்லை. லைசென்ஸ் சர்வரை அமைக்கும் கருவியின் பெயர் எல்எம்டூல்ஸ் என்று இருப்பதால் இது ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் முறையின் வகை என்பது நிச்சயம். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி அந்த வகை எல்லாவற்றுக்கும் பொருந்தும். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் தொங்கும் விஷயங்களை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

வேலை எப்படி நடக்கிறது என்பது பிடிபட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். எங்கள் ஊரில் முன்பு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடையில் 6 சைக்கிள், சுவரில் ஒரு சிலேட்டு. யார் எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார் என்று கடைக்காரர் எழுதுவார். ஏழாவது ஆள் வந்தால் நிற்க வேண்டியதுதான். லைசென்ஸ் சர்வர் அந்தச் சிலேட்டு மட்டும்தான். மென்பொருள் ஓடுவது உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில். சர்வர் கணக்கு வைக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை. அதனால் அதற்குப் பெரிய மெஷின் தேவையே இல்லை. 4 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டி தாராளம். "பழைய கம்ப்யூட்டர் போதுமா" என்பதற்கு வேகத்தைப் பொறுத்தவரை பதில்: போதும். மற்ற விஷயங்களில் போதாமல் போகலாம், அதற்கு வருகிறேன்.

சைக்கிள் கடையோடு ஒரு வித்தியாசம் உண்டு. எடுத்துக்கொண்டு போன பிறகும் மென்பொருள் அவ்வப்போது சர்வரைக் கூப்பிட்டு "இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் சில மென்பொருள் எச்சரிக்கை காட்டும், சில சேமிக்கச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். எத்தனை நிமிடம் பொறுக்கும் என்பது ஒவ்வொரு வெண்டருக்கும், அதாவது மென்பொருள் கம்பெனிக்கும், வேறு. ஆக, சர்வர் காலையில் ஒருமுறை ஓடினால் போதாது, நாள் முழுக்க ஓட வேண்டும்.

சர்வருக்குள் இரண்டு புரோகிராம் இருக்கும். ஒன்று எல்எம்ஜிஆர்டி. இது வாசலில் நிற்கும் ஆள். இன்னொன்று வெண்டர் டெமன். உங்கள் மென்பொருள் கம்பெனி தன் பெயரில் கொடுக்கும் புரோகிராம். லைசென்ஸை எண்ணிக் கொடுப்பது இதுதான். ஆட்டோடெஸ்க் என்றால் அட்ஸ்க்ஃப்ளெக்ஸ், ஆன்சிஸ் என்றால் ஆன்சிஸ்எல்எம்டி, மேட்லாப் என்றால் எம்எல்எம் என்று பெயர் இருக்கும். மென்பொருள் முதலில் எல்எம்ஜிஆர்டியிடம் வரும். அது "அந்தக் கதவுக்குப் போ" என்று டெமனின் போர்ட் எண்ணைச் சொல்லி அனுப்பும். இரண்டு கதவு என்பதை மறக்காதீர்கள். என்னைக் கூப்பிட்ட இடங்களில் பாதிக்கு மேல் பிரச்சினை இரண்டாவது கதவில்தான் இருந்தது. இந்த ஏற்பாடு 1988-இல் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற பெயரில் வந்தது. குளோப்டிராட்டர், மேக்ரோவிஷன், அக்ரெசோ, ஃப்ளெக்செரா என்று கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வழிகாட்டியிலும் ஒவ்வொரு பெயர். உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய அதே.

இனி மெஷின். ஹோஸ்ட் ஐடி என்பது பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டின் மேக் அட்ரஸ், 12 எழுத்து. லைசென்ஸ் ஃபைல் அந்த 12 எழுத்தோடு கட்டப்பட்டிருக்கும். அந்தக் கார்டு போனால் லைசென்ஸும் போகும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசி. துலாவர்ஷ இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டூல் ரூமில் இடி இறங்கி, நெட்வொர்க் கேபிள் வழியாக வந்து சுவிட்சையும் அதோடு இருந்த நாலு கம்ப்யூட்டரின் லான் போர்ட்டையும் சுட்டுவிட்டது. அந்த நாலில் ஒன்று லைசென்ஸ் சர்வர். பெட்டி நன்றாகவே ஓடியது. ஹார்ட் டிஸ்க் சரி, விண்டோஸ் சரி. திங்கள் காலையில் சூப்பர்வைசர் போன்: "சாரே, ஒரு மெஷினும் ஓப்பன் ஆகுந்நில்லா." நான் போய் 700 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி லான் அடாப்டர் வாங்கிப் போட்டேன். நெட்வொர்க் வந்தது, லைசென்ஸ் வரவில்லை. அடாப்டரின் மேக் அட்ரஸ் வேறு அல்லவா. மதர்போர்டில் இருந்த போர்ட் செத்துப்போனதோடு அதன் ஐடியும் செத்துப்போயிற்று. வெண்டரிடம் எழுதி, பழைய சர்வரைப் பயன்படுத்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, புது ஃபைல் வர வியாழன் ஆனது. அந்த நாலு நாள் 9 பேர் பழைய வரைபடங்களைப் பிரிண்ட் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடாப்டரின் மேக் அட்ரஸைக் கையால் மாற்றி பழைய எண்ணைப் போட்டால் என்ன என்று அன்று ஒருவர் கேட்டார். விண்டோஸில் அப்படி ஒரு இடம் இருக்கிறது, பலர் செய்கிறார்கள் என்பதும் தெரியும். நான் செய்யவில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய லைசென்ஸை ஒப்பந்தம் மீறியதாக நாமே ஆக்கிக்கொள்வானேன்?

ஆக, பழைய கம்ப்யூட்டரைப் பற்றி என் கருத்து: இன்னும் நாலைந்து வருஷம் ஓடும் என்று நம்பிக்கை இருந்தால் போடுங்கள், "இது எப்ப வேணா போகும்" என்று சொல்லிச் சிரிக்கும் பெட்டியாக இருந்தால் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்தப் பழைய பெட்டி 11-க்கு ஏறுமா என்று முதலில் பாருங்கள். டிசைனர் யாராவது உட்கார்ந்து வேலை செய்யும் மெஷினில் மட்டும் போடாதீர்கள். அவர் ரீஸ்டார்ட் செய்வார், லீவு போட்டால் யாராவது ஆஃப் செய்வார்கள். லேப்டாப்பும் வேண்டாம்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஃபைல் சர்வர் இருந்து அதில் ஹைப்பர்-வி போன்ற, ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்களை மென்பொருளாகவே ஓட்டும் ஏதாவது இருந்தால், அப்படி ஓடும் விர்ச்சுவல் மெஷினில் லைசென்ஸ் சர்வரைப் போடுவதுதான் நான் இன்றைக்குத் தேர்ந்தெடுக்கும் வழி. மேக் அட்ரஸை ஸ்டேட்டிக், அதாவது மாறாதது, என்று வைத்துவிட்டால் அடியில் இருக்கும் பெட்டி எரிந்தாலும் பேக்கப்பில் இருந்து வேறொரு பெட்டியில் அதே ஐடியோடு எழுப்பிவிடலாம். ஸ்டேட்டிக் ஆக்காமல் விட்டால் மெஷினை இடம் மாற்றும் நாளில் எண்ணும் மாறித் தொலையும். ஆனால் விர்ச்சுவல் மெஷினில் போட எல்லா வெண்டரும் சம்மதிப்பதில்லை. சிலர் டெமனையே அங்கே ஓடாதபடி செய்திருப்பார்கள். இதை விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் வேண்டாம்.

ஹோஸ்ட் ஐடியை எடுக்கும்போது ஒரு சங்கதி. எல்எம்டூல்ஸில் சிஸ்டம் செட்டிங்ஸ் என்ற பக்கத்தில் பார்த்தால் சில மெஷினில் நாலைந்து எண் வரிசையாக வரும். வைஃபை ஒன்று, ப்ளூடூத் ஒன்று, விபிஎன் அடாப்டர் ஒன்று, அப்புறம் உண்மையான லான் போர்ட். முதலில் இருப்பதை அப்படியே காப்பி செய்து அனுப்பிவிடுகிறார்கள். அது வைஃபையாக இருந்து, பிறகு யாராவது வைஃபையை அணைத்தால் ஐடி காணாமல் போகும். யூஎஸ்பி அடாப்டர் என்றால் இன்னும் மோசம். ஒருவர் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளைக்குப் போனால் லைசென்ஸும் அவரோடு பஸ் ஏறிவிடும். மதர்போர்டில் பதிந்திருக்கும் லான் போர்ட்டின் எண் எது என்று கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் (ipconfig /all) போட்டு ஒப்பிட்டுப் பார்த்து அதை மட்டும் அனுப்புங்கள்.

எண்ணை அனுப்புவதற்கு முன்பே அந்த மெஷினுக்கு ஒரு பெயர் வைத்து, ஐபியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்ணை, ஸ்டேட்டிக் ஆக்கிவிடுங்கள். பெயரில் இடைவெளி, அடிக்கோடு வேண்டாம். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். பயாஸில் கரன்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போடுங்கள். கஞ்சிக்கோட்டில் ஆடி மாதக் காற்றுக்கு லைன் எத்தனை தடவை போய் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி போய் வந்த கரன்ட்டுக்குக் காலையில் சாவி கொண்டு வருபவர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு சின்ன யூபிஎஸ் போதும், ஆனால் சர்வரோடு நெட்வொர்க் சுவிட்சையும் ரவுட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் செருகுங்கள். சர்வர் மட்டும் விழித்திருந்து சுவிட்ச் தூங்கினால் என்ன பயன்.

ஃபைல் வந்ததும் அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். வேர்டில் திறக்காதீர்கள், அது மேற்கோள் குறிகளை வளைத்துவிடும். முதல் வரி சர்வர் என்று தொடங்கும்: மெஷின் பெயர், ஹோஸ்ட் ஐடி, போர்ட். இரண்டாவது வெண்டர் என்று தொடங்கும். அதற்குக் கீழே ஃபீச்சர் அல்லது இன்க்ரிமென்ட் என்று நீளநீளமாகப் புரியாத எழுத்துகள். நீங்கள் கை வைக்கக்கூடியது முதல் இரண்டு வரியில் மட்டும், அதுவும் மெஷின் பெயர், போர்ட் எண், டெமன் இருக்கும் இடம் இவற்றில் மட்டும். ஹோஸ்ட் ஐடியையோ கீழே உள்ள வரிகளையோ ஓர் எழுத்து மாற்றினாலும் ஃபைல் செல்லாது, அவை கையெழுத்திட்ட பத்திரம் மாதிரி. சர்வர் வரியில் போர்ட் எழுதாவிட்டால் 27000 முதல் 27009 வரை காலியாக இருப்பதை எல்எம்ஜிஆர்டி எடுத்துக்கொள்ளும். 27000 என்று நீங்களே எழுதிவிடுங்கள். வெண்டர் வரியிலும் ஒரு போர்ட் எழுதுங்கள். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். எழுதாவிட்டால் டெமன் ஒவ்வொரு முறை எழும்போதும் தோன்றிய எண்ணைப் பிடித்துக்கொள்ளும். இன்று ஃபயர்வாலில் திறந்துவிட்ட எண் நாளை வேறாக இருக்கும். "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலை" என்று வரும் புகாரில் முதலில் நான் பார்ப்பது இந்த வரியைத்தான். ஆட்டோடெஸ்க்குக்கு வழக்கமாக 2080 போடுவார்கள். உங்களுடையது எதுவோ, வேறெதுவும் பிடித்து வைக்காத ஓர் எண்ணாக இருந்தால் சரி.

எல்எம்டூல்ஸை வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். சும்மா திறந்தால் சேமித்தது போலவே காட்டும், சேமித்திருக்காது. கான்ஃபிக் சர்வீசஸ் பக்கத்தில் சர்வீஸுக்கு ஒரு பெயர், எல்எம்ஜிஆர்டி இருக்கும் இடம், லைசென்ஸ் ஃபைல் இருக்கும் இடம், லாக் ஃபைல் எழுத வேண்டிய இடம். அடியில் இருக்கும் இரண்டு கட்டங்களையும் டிக் செய்யுங்கள், அப்போதுதான் மெஷின் எழும்போது சர்வரும் எழும். லாக் ஃபைல் பாதைக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். போடாவிட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் பழைய லாக் அழிந்துவிடும். நேற்று என்ன நடந்தது என்று தேடும்போது அதன் அருமை தெரியும். அந்த ஃபோல்டரில் எழுத சர்வீஸுக்கு உரிமை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாக்கே உருவாகாது, சில சமயம் சர்வீஸும் எழாது. ஸ்டார்ட் கொடுத்த பிறகு ஒரு நிமிடம் பொறுத்து ஸ்டேட்டஸ் கேளுங்கள். எல்எம்ஜிஆர்டி அப் என்று ஒரு வரி, டெமன் அப் என்று இன்னொரு வரி, இரண்டும் வர வேண்டும். முதல் வரியை மட்டும் பார்த்து எழுந்துவிடாதீர்கள். பின்னால் போர்ட்டையோ பெயரையோ மாற்றினால் ஃபைலை மறுபடி படிக்கச் சொல்லும் ரீரீட் போதாது, முழுதாக நிறுத்தி எழுப்ப வேண்டும்.

விண்டோஸ் ஃபயர்வாலில் இரண்டு போர்ட்டையும் உள்ளே விடுங்கள், அல்லது இரண்டு எக்ஸ்இ ஃபைலையும் அனுமதியுங்கள். இரண்டு என்று மறுபடி சொல்கிறேன். டிசைனர்களின் கம்ப்யூட்டரில் போர்ட், பிறகு அட் குறி, பிறகு சர்வர் பெயர் என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வைத்தால் போதும். பழைய சர்வர்களின் பெயர் அதிலேயே கிடந்தால் அழித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மென்பொருள் அடுத்ததற்குப் போகும், திறக்கவே ரெண்டு மூணு நிமிடம் ஆவதற்கு அதுதான் காரணம் என்று பல இடத்தில் கண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர் கிளை. தொழில்நுட்பமாக இது கஷ்டமே இல்லை. லைசென்ஸ் பேச்சுக்கு இன்டர்நெட் வேகம் பெரிதாகத் தேவையில்லை, சில கிலோபைட் விஷயம். இரண்டு ஆபீஸுக்கும் இடையில் இன்டர்நெட் வழியாகப் பாதுகாப்பான ஒரு தனிப் பாதை, அதாவது விபிஎன், போட்டால் முடிந்தது. நல்ல ரவுட்டர்களிலேயே அந்த வசதி வருகிறது, வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளும் போடலாம். ஒரு முனையிலாவது பப்ளிக் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து எட்டக்கூடிய மாறாத முகவரி, வேண்டும். வீட்டு ஃபைபர் திட்டங்களில் பெரும்பாலும் அது கிடைக்காது, ஒரே ஐபியைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். கஞ்சிக்கோட்டில் ஆபீஸ் திட்டமாக எடுத்து ஸ்டேட்டிக் ஐபி கேளுங்கள். சிக்கல் பெயரில் வரும். எல்எம்ஜிஆர்டி பதில் சொல்லும்போது ஃபைலில் இருக்கும் மெஷின் பெயரைத் திருப்பிச் சொல்லும். அந்தப் பெயரைக் கோயம்புத்தூர் கம்ப்யூட்டருக்கு யார் எடுத்துச் சொல்வது? பெயரை ஐபியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் இல்லாவிட்டால் அங்கே இருக்கும் 4 மெஷினின் ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். விபிஎன் வேண்டாம், ரவுட்டரில் இரண்டு போர்ட்டையும் நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சர்வரை நிறுத்தும் கட்டளையை நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதுதான் இதன் இயல்பான நிலை. எல்எம்ஜிஆர்டியை லோக்கல் என்ற ஆப்ஷனோடு எழுப்பினால் அதே மெஷினில் இருந்துதான் நிறுத்த முடியும். உள்ளூர் நெட்வொர்க்கிலேயே நான் அப்படித்தான் வைக்கிறேன்.

தொழில்நுட்பம் இடம் கொடுத்தாலும் ஒப்பந்தம் இடம் கொடுக்குமா என்பது வேறு. சில லைசென்ஸ் ஒரே கட்டடத்துக்கு, சில ஒரே நாட்டுக்கு, சில குறிப்பிட்ட கிலோமீட்டர் சுற்றளவுக்கு என்று எழுதியிருப்பார்கள். மாநிலம் மாறுவது பெரும்பாலும் பொருட்டில்லை, ஆனால் 'சைட்' என்ற சொல் இருந்தால் கோயம்புத்தூர் வேறு சைட்தான். இந்த விஷயத்தில் நான் உறுதி தர முடியாது. விற்றவரிடம் கிளையின் முகவரியைப் போட்டு மெயிலில் கேளுங்கள்.

அடுத்தது கடிகாரம், பழைய பெட்டிக்கு இது ரொம்ப முக்கியம். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது செத்துவிட்டால் கரன்ட் போய் வரும்போது தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். லைசென்ஸ் தொடங்கும் தேதி இன்னும் வரவில்லை என்று டெமன் கையை விரிக்கும். இன்டர்நெட் இருக்கிறதே, விண்டோஸ் தானே சரிசெய்யாதா என்று நானும் நம்பியிருந்தேன். கம்பெனியின் விண்டோஸ் டொமைனில் சேராத தனி மெஷினில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் தானாகத் திருத்தாது. காலேஜ் லேப் ஒன்றில் இதற்காக முழு மத்தியானம் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருந்தேன். திரையின் வலது மூலையில் தேதி தப்பாக நின்றதை டீ கொண்டுவந்த பையன்தான் காட்டினான். பேட்டரி அம்பது ரூபாய்க்குள். இன்றைக்கே மாற்றிவிடுங்கள், செத்திருக்கிறதா என்று பார்க்கக்கூட வேண்டாம். தேதியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளினாலும் டெமன் கண்டுபிடித்து மறுத்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

திரையில் மைனஸ் போட்டு எண் வரும்போது பயப்பட வேண்டாம், அதுதான் மருத்துவச் சீட்டு. மைனஸ் 4 என்றால் 6 பேரும் எடுத்துவிட்டார்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மைனஸ் 5 என்றால் நீங்கள் கேட்ட ஃபீச்சரே அந்த ஃபைலில் இல்லை. மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு ஏற்றிவிட்டு லைசென்ஸ் ஃபைலைப் புதுப்பிக்காமல் விட்டால் அடிக்கடி வரும். மைனஸ் 9 ஹோஸ்ட் ஐடி பொருந்தவில்லை. மைனஸ் 10 காலாவதி. மைனஸ் 15-உம் மைனஸ் 96-உம் சர்வரையே எட்ட முடியவில்லை என்பது: சர்வீஸ் ஓடுகிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, பெயர் தெரிகிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். பதிப்பிலும் ஒரு கணக்கு உண்டு. எல்எம்ஜிஆர்டியின் பதிப்பு டெமனுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும், டெமன் மென்பொருளுக்குள் இருக்கும் ஃப்ளெக்ஸ்நெட் லைப்ரரிக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். அடுத்த வருஷம் டிசைனர்கள் மென்பொருளை மேலேற்றும்போது முதலில் சர்வரை மேலேற்றுங்கள்.

15 பேருக்கு 6 என்பதால் உங்களுக்கு மைனஸ் 4 தினமும் வரப்போகிறது. ஆப்ஷன்ஸ் ஃபைல் என்று ஒன்று எழுதலாம். டெமனின் பெயரில், லைசென்ஸ் ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்தால் அதுவே எடுத்துக்கொள்ளும். அதில் டைம்அவுட்ஆல் என்று எழுதி நொடியில் ஒரு எண் கொடுத்தால், சும்மா திறந்து கிடக்கும் லைசென்ஸை அவ்வளவு நேரத்துக்குப் பின் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும். 900 நொடிக்குக் கீழே போகப் பெரும்பாலானவர்கள் விடுவதில்லை. நான் வழக்கமாக 3600 வைப்பேன். 15 நிமிடம் என்றால் டீக்குப் போய் வந்தவர் லைசென்ஸ் இல்லாமல் நின்று சண்டைக்கு வருவார். கோயம்புத்தூருக்கு ஒன்றை ஒதுக்கி வைக்கலாமே என்று தோன்றும், ரிசர்வ் என்று ஒரு வரி இருக்கிறது. வேண்டாம். ஒதுக்கியது அவர்கள் எடுக்காதபோதும் எண்ணிக்கையில் கழிந்தே கிடக்கும். அதற்குப் பதில் அதிகபட்சம் இத்தனை என்று கட்டும் மேக்ஸ் வரி நல்லது. முதல் மாதம் எதுவும் எழுதாமல் விட்டு, லாக்கில் டினைட் (மறுக்கப்பட்டது) என்ற சொல் எத்தனை முறை, எந்த நேரத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏழாவது லைசென்ஸ் வாங்குவதா வேண்டாமா என்று முதலாளியிடம் பேச அதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது.

மூன்று சர்வர் வைத்து ஒன்று போனாலும் ஓடும்படி செய்யலாமே என்று எங்காவது படித்திருப்பீர்கள். மூன்றில் குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் அது ஓடும், மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நல்ல நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஒன்றைக் கோயம்புத்தூரில் வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 6 லைசென்ஸுக்கு இது மூட்டைப்பூச்சிக்கு வீட்டைக் கொளுத்துவது.

ஒருவேளை நாளைக்கு வேறு மென்பொருளும் வாங்கினால், எல்லாமே இந்த வகை இல்லை. யூஎஸ்பி சாவி போல வரும் சென்டினல் வகை 1947 போர்ட்டில் பேசும், பிரவுசரிலேயே அதன் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். ஆர்எல்எம் வகை 5053. கேட்டியா மென்பொருளைத் தரும் டஸோவின் சர்வரை நான் ஒரே ஒரு முறைதான் கையால் அமைத்திருக்கிறேன், அதைப் பற்றி அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. எல்லாவற்றையும் ஒரே மெஷினில் போடலாம், போர்ட் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்னொன்று: பல கம்பெனிகள் இந்த உள்ளூர் சர்வர் முறையையே விட்டுவிட்டு, ஆளுக்கொரு இணையக் கணக்கு என்று மாறிக்கொண்டிருக்கின்றன, ஆட்டோடெஸ்க் 2020-இல் அப்படி அறிவித்தது. உங்கள் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் இன்னும் எத்தனை வருஷம் புதுப்பிக்க முடியும் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

ஹோஸ்ட் ஐடியை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா, இன்னும் இல்லையா? அனுப்பியிருந்தால் எந்தக் கார்டின் எண் போயிருக்கிறது என்று பாருங்கள். ஃபைல் வந்துவிட்டிருந்தால் முதல் இரண்டு வரியை மட்டும், ஹோஸ்ட் ஐடியை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள். இந்த வாரம் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பார்க்கிறேன், பகலில் நானும் யாருடைய சர்வரையாவது எழுப்பிக்கொண்டிருப்பேன்.